பாலாற்றுக் குழியின் கடைசிப் பக்கம்

“இந்த டிபன் கேரியரைக் கழுவினது யாரும்மா?” என்று கேட்டார் பரசுராமன்.

இந்திராணி நிமிர்ந்தாள். கணவன் இறந்த இந்தப் பன்னிரண்டு நாளில் போலீஸ்காரர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள், உறவுக்காரர்கள் என்று ஆளாளுக்கு ஏதேதோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

“நான் தொடவே இல்லைங்க சார். அவரோட பையில வச்சு போலீஸ்ல குடுத்தாங்க. குடுத்தபடியே இருக்குது.”

“போலீஸ்காரங்க பாத்திரம் கழுவிக் குடுத்ததா சரித்திரமே கிடையாது சார்,” என்றான் முனிரத்தினம்.

முனிரத்தினம், தனியார் துப்பறிவாளர் பரசுராமனின் உதவியாளன். சென்னையில் பிறந்தவன், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன். ‘துக்க வீடு, இன்றைக்கு ஒரு நாள் வாயைக் கட்டு’ என்று வாசலிலேயே பரசுராமன் சொல்லியிருந்தார். பேசி முடித்த பிறகுதான் அது அவனுக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

பெரிய காஞ்சிபுரத்தின் அந்தத் தெருவில் எல்லா வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுத் தறி மட்டும் ஓடவில்லை. இறந்துபோன வேணுகோபாலின் அப்பா பாதிச் சேலையில் எழுந்து ஓடியவர், திரும்பி வந்து உட்காரவே இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். வேணுகோபால் அந்த நெசவுக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. மண்ணையும் பாறையையும் படித்தவன். பூகம்பம் எங்கே வரக்கூடும், வந்தால் எவ்வளவு குலுக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதற்காக இந்தியா, ஜப்பான், ரஷ்யா மூன்று நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பூமிக்குள் இன்னும் நகரக்கூடிய பிளவுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் நீளம் எவ்வளவு, கடைசியாக எப்போது நகர்ந்தது என்று அட்டையில் எழுத வேண்டும். முதலில் மூன்று நாட்டுக்காரர்களும் மூன்று விதமாக எழுதினார்கள். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குப் புரியவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஓர் அட்டையை அமைத்துக் கொடுத்தவன் வேணுகோபால்தான்.

நாற்பத்தோராம் எண் பிளவு அவனே கண்டுபிடித்தது. வாலாஜாபாத் பக்கம், பாலாற்றங்கரையில். பத்தடி ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டினான். குழியின் சுவரில் மண் அடுக்குகள் வரி வரியாகத் தெரிந்தன. ஒரே மட்டத்தில் வந்த மணல் அடுக்கு ஓரிடத்தில் வெட்டுப்பட்டு இரண்டடி கீழே இறங்கியிருந்தது. என்றைக்கோ அங்கே பூமி நகர்ந்திருக்கிறது. அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாக அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரைந்தான். வேலை முடிகிற சமயத்தில் சுவர் சரிந்து அவனை மூடிவிட்டது. காமிரா நசுங்கிப்போயிற்று. ஆபத்து என்று சொல்லி அதிகாரிகள் மறுநாளே குழியைத் தூர்த்துவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தைக் காணவில்லை.

குழுவின் ஜப்பானியத் தலைவர் பேராசிரியர் மொரிதாதான் பரசுராமனைத் தேடி வந்தவர். திங்கட்கிழமை சென்னையில் கூட்டம். அதற்குள் நோட்டு கிடைக்காவிட்டால் நாற்பத்தொன்றை ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று அடித்துவிடுவார்கள். பிளவிலிருந்து ஒரு மைல் தூரத்தில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி எழும்பப்போகிறது. வரைபடத்தில் கோடு இல்லையென்றால் பூகம்பத்தை நினைத்து அதன் தூண்களை யாரும் பலப்படுத்தப் போவதில்லை.

இன்று சனிக்கிழமை.

“நோட்டைக் கேட்டுக்கினு வேற யாராவது வந்தாங்களாம்மா?”

“குப்புசாமின்னு ஒருத்தர் வந்தாருங்க. அந்த ஆஸ்பத்திரியைக் கட்டப்போற காண்ட்ராக்டர். மூணாம் நாளே வந்து கேட்டாரு. இல்லைன்னதும் ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்தாரு.”

வெளியே வந்ததும் முனிரத்தினம் கையைத் தட்டினான். “முடிஞ்சுது சார். குப்புசாமியை உள்ள வச்சு நாலு கேள்வி கேட்டா நோட்டு தானா வரும்.”

“தன் கையில இருக்கிற பொருளை எவனாவது வீடு தேடி வந்து கேட்பானா?”

“சந்தேகம் வரக்கூடாதுன்னு கேட்கலாமே.”

“கேட்கலாம். ஆனா குப்புசாமி டிபன் கேரியரைக் கழுவ மாட்டான்.” பரசுராமன் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். கேரியர் அடுக்கின் விளிம்பை அவர் துடைத்த இடத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது. “அந்த வீட்டுல சோப்புத் தூள். இது விறகு அடுப்புச் சாம்பல். போலீஸ் கைக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பை வேற ஒருத்தர்கிட்ட இருந்திருக்குது. அவங்க பக்கத்துல அடுப்பு இருந்திருக்குது. குழிகிட்ட அடுப்பு மூட்டினது யாருன்னு தெரிஞ்சா போதும்.”

வாடகைக் கார் வாலாஜாபாத் சாலையில் குலுங்கிக்கொண்டு போயிற்று.

“பூமி நடுங்கும்னு சொல்ல ஜப்பான்லேருந்து ஆள் வரணுமா சார்? இந்த ரோட்டுல ஒரு தபா போனா பச்சைக் குழந்தைகூட சொல்லுமே,” என்றான் முனிரத்தினம்.

பரசுராமன் சிரிக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற திருடனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

குழி இருந்த இடத்தில் ஈர மண்மேடுதான் இருந்தது. குழி வெட்டிய ஆட்களின் மேஸ்திரி துரைக்கண்ணு கூட வந்தார். ஐம்பது வயது. மண்மேட்டின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“அன்னைக்கு ஐயா போட்டோ புடிக்கணும்னாரு சார். ஆளுங்க நெழல் விழக்கூடாதுன்னு எங்களையெல்லாம் அந்தாண்ட போகச் சொன்னாரு. சத்தம் கேட்டு ஓடியாந்தோம். கையாலயே மண்ணை வாரினோம். அரைமணி நேரம் ஆயிடுச்சு.”

“மண் சரியாம இருக்கப் பலகை நிறுத்தியிருந்தீங்களா?”

“நிறுத்தாமயா? எட்டுப் பலகை. ஐயாவே செவப்புப் பெயின்டுல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருந்தாரு.” மரத்தடியில் அடுக்கி வைத்திருந்த பலகைகளைக் காட்டினார். “அவசரத்துல புடுங்கிப் போட்டதுல எது எங்க இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியல.”

முனிரத்தினம் குனிந்து பார்த்தான். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு. சார், ஏழு லீவு போட்டிருக்குது.”

பரசுராமன் அதற்குள் இருபதடி தள்ளிப் போய்விட்டார். மூன்று கல் வைத்த அடுப்பு, மழையில் கரைந்த சாம்பல். குச்சியால் கிளறினார். கருகிய மரத்துண்டு ஒன்று வந்தது. கரி பிடிக்காமல் தப்பிய நுனியில் சிவப்புக் கோடு ஒன்று சாய்வாக இறங்கியது. ஏழின் கால்.

“இங்க சமைச்சது யாரு மேஸ்திரி?”

“அங்கம்மா சார். தென்னேரிக்காரி. ஆளுங்களுக்கு சோறும் டீயும் அவதான். அன்னையிலேருந்து வேலைக்கே வர்றதில்ல. பயந்துட்டான்னு நெனைச்சோம்.”

தென்னேரி ஏரிக்கரை ஓரத்துக் குடிசை அது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அங்கம்மாளுக்கு. பரசுராமனின் கையிலிருந்த கரிக்கட்டையைப் பார்த்தாள். யார் நீங்கள் என்று கேட்கவில்லை. உள்ளே போய் அரிசிப் பானையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள்.

“என்னைக் கூட்டிக்கினு போயிடுங்க சார். தூங்கிப் பல நாளாச்சு.”

“உட்காரும்மா. நாங்க போலீஸ் இல்லை. என்ன நடந்துச்சு?”

“ராத்திரி முழுக்க மழை சார். வெறகு ஒண்ணும் பத்திக்கல. பலகைங்க கரைமேல கெடந்துச்சு. ஒண்ணை எடுத்தேன். ஏணி மேல நின்னுக்கினு அவரு என்னைப் பார்த்தாரு. நான் பலகையும் கையுமா நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லல. நோட்டை எடுத்து எழுதினாரு.” தன் நெஞ்சில் கை வைத்தாள். “என் பேரைத்தான் எழுதறாருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்புறம் வெயில் வந்துச்சு. நோட்டை சாப்பாட்டுப் பாத்திரத்து மேல வச்சுட்டுக் காமிராவோட எறங்கினாரு. எறங்கினவரு ஏறவே இல்ல. அந்தப் பலகை இருந்திருந்தா மண்ணு நின்னிருக்கும் இல்ல சார்? நான் எரிச்சுட்டேனே. நான்தான் கொன்னுட்டேன்.”

“பாத்திரத்தை ஏன் கழுவினே?”

“சோறு அப்படியே இருந்துச்சு. போலீசு மறுநாள் காலையிலதான் பையை எடுத்துக்கினு போச்சு. கெட்டுப்போன சோத்தை அந்த அம்மா தொறந்து பார்க்கணுமா?”

முனிரத்தினம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நோட்டை எரிச்சிருக்கலாமே?”

“மூணு தரம் அடுப்புகிட்ட எடுத்துக்கினு போனேன். முடியல. அவரு ஒரு மாசம் குந்திக்கினு எழுதினதுங்க அது. ஒரு பொருளை எரிச்சதே போதும்னு இருந்துச்சு.”

பரசுராமன் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். படங்களுக்கு அடியில் எல்லாம் ஆங்கிலக் குறிப்புகள். அந்தப் பக்கம் மட்டும் பென்சிலில், தமிழில் இருந்தது. முதல் வரியில் அவர் கண் சற்று நின்றது. அதை மனசுக்குள் படித்துவிட்டு, அடுத்த வரியிலிருந்து சத்தமாக வாசித்தார்.

“ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஆகிய நான்கு பலகைகளையும் நானே கழற்றிக் கரையில் போட்டேன். படம் எடுத்ததும் திரும்ப வைக்க வேண்டும். மணி 10.50, மேகம். வெயிலுக்காகக் காத்திருக்கிறேன். 11.05, ஏழாம் பலகையை அங்கம்மாள் அடுப்புக்கு எடுத்துப் போகிறாள். போகட்டும், பாவம், விறகெல்லாம் நனைந்துவிட்டது. விரிசல் விட்ட பலகைதான், நாளைக்கு மாற்ற வேண்டும்.”

நோட்டை மூடினார். “கேட்டியாம்மா? நீ எடுக்கிறதுக்கு முன்னாடியே நாலு பலகையும் வெளியில இருந்துச்சு. படம் எடுக்காம அவர் எதையும் திரும்ப வச்சிருக்க மாட்டார். நீ எரிச்சாலும் எரிக்காட்டியும் அந்தச் சுவர் விழுந்திருக்கும்.”

அங்கம்மாள் அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார். என் மனசு ஆறட்டும்னு நீங்களா சேர்த்துச் சொல்றீங்க.”

எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை.

திரும்பும்போது முனிரத்தினம் கேட்டான். “முதல் வரியை ஏன் சார் படிக்கல?”

பரசுராமன் நோட்டை அவனிடம் நீட்டினார். அவன் படித்தான். மூடினான். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை அவன் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மொரிதா சென்னையிலிருந்து வந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு. இந்திராணிக்கு முன்னால் இடுப்புவரை குனிந்து வணங்கினார். பாயில் உட்கார்ந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்தில் விரல் நின்றது. இறங்கிப்போன மணல் அடுக்குக்குள் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

“இங்கே மண்ணுக்குள் கிடைத்த கரித்துண்டு,” என்றார் ஆங்கிலத்தில். “போன மாதமே வேணுகோபால் டோக்கியோவுக்கு அனுப்பினார். அதன் வயது தெரிந்துவிட்டது. எழுநூறு வருஷம். எந்த அடுக்கில் கிடைத்தது என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. அந்த அடுக்கே வெட்டுப்பட்டிருக்கிறது. எழுநூறு வருஷத்துக்குள் இந்த இடம் ஒருமுறை நகர்ந்திருக்கிறது. நாற்பத்தொன்றை இனி யாரும் அடிக்க முடியாது.”

பரசுராமன் அதை இந்திராணிக்குத் தமிழில் சொன்னார். அவள் தலையசைத்தாள்.

மொரிதா கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். “இது தமிழ். என்ன எழுதியிருக்கிறார்?”

பரசுராமன் பதில் சொல்வதற்குள் முனிரத்தினம் முந்திக்கொண்டான். “வெதர் சார். ரெயின், கிளவுட்... அவ்ளோதான் சார்.”

மொரிதா அவனைப் பார்க்கவில்லை. பரசுராமனைப் பார்த்தார்.

“என் பெயர் இருக்கிறதா?”

“இருக்கிறது,” என்றார் பரசுராமன்.

மொரிதா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். அவர் வேணுகோபாலுக்கு அனுப்பிய கடிதத்தின் கார்பன் நகல் அது. கையால் வரைந்த படம் மட்டும் இருந்தால் ரஷ்யர்கள் ஏற்கமாட்டார்கள். கூட்டத்துக்கு முன் குழிச் சுவரின் முழுப் போட்டோ வேண்டும், பலகைகள் மறைக்காமல். கீழே அவருடைய கையெழுத்து.

நோட்டின் முதல் வரியும் அதையேதான் சொன்னது. ‘காலை 10.15. மொரிதா கேட்டபடி சுவர் முழுவதும் போட்டோவில் தெரிய வேண்டும்.’

இந்திராணி நோட்டை வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“ஒரு போட்டோவுக்கா?” என்றாள்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. மொரிதாவுக்குப் புரிந்துவிட்டது.

“பதிமூன்று நாளாக எனக்குச் சந்தேகம்,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “கடிதம் அவருக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். நோட்டு கிடைத்தால் இதுவும் தெரிந்துவிடும் என்று தெரிந்துதான் தேடச் சொன்னேன். தெரியாமல் என்னால் ஊர் திரும்ப முடியாது.”

பரசுராமன் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். உள்ளே கதவோரம் நின்றிருந்த வேணுகோபாலின் அப்பா மெல்ல உட்கார்ந்தார்.

இந்திராணி அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். “மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல சார். அதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க. படத்தை எடுத்துக்கினு போகட்டும். இவர் உசிரை விட்டது அதுக்குத்தானே. இந்த ஒரு பக்கம் மட்டும் எனக்கு வேணும்.”

முனிரத்தினம் பிளேடால் அந்தப் பக்கத்தை ஓரமாக அறுத்து, இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தான்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நோட்டு கிடைத்த விதத்தைச் சொல்லப் பரசுராமனையும் அழைத்திருந்தார்கள். மொரிதா எழுந்து முதலில் தன் கடிதத்தை வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ரஷ்யர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். “போட்டோ இல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தவன் நான்,” என்றார். அதன் பிறகுதான் அட்டைகளை எடுத்தார்கள். வரைபடத்தில் நாற்பத்தோராம் பிளவுக்கு அழுத்தமாகக் கோடு விழுந்தது. அதன் அட்டையில் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் வேணுகோபாலின் பெயர் மட்டும். எந்தப் போட்டோவுக்காகவும் குழியிலிருந்து பலகையை எடுக்கக்கூடாது என்று விதி ஒன்றும் மூன்று நாட்டுக்கும் சேர்த்து எழுதினார்கள்.

படிகளில் இறங்கும்போது முனிரத்தினம் சொன்னான். “விதி நல்லாத்தான் இருக்குது சார். ஒரு மாசம் முன்னாடி எழுதியிருக்கலாம்.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே இந்திராணி தென்னேரிக்குக் கிளம்பினாள். உறவுக்காரர்கள் இப்போது வெளியே போகவேண்டாம் என்றார்கள். “போயிட்டு வாம்மா,” என்று சொன்னவர் மாமனார் மட்டும்தான். பரசுராமன் கார் கொண்டுவந்தார்.

அங்கம்மாள் அவளைப் பார்த்ததும் குடிசையின் மூலைக்குப் போய்ச் சுருண்டு உட்கார்ந்தாள். இந்திராணி எதிரே உட்கார்ந்து, தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ‘போகட்டும், பாவம்’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். மறுபடி தொடங்கி முடித்தாள்.

“நெசமா அப்படித்தான் எழுதியிருக்குதா?” என்றாள் அங்கம்மாள்.

“உங்ககிட்ட நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? செத்துப்போனது என் வீட்டுக்காரர்.”

அங்கம்மாள் நீண்ட மூச்சு விட்டாள். அவளுடைய தோள்கள் தளர்ந்து இறங்கின. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். பரசுராமனும் முனிரத்தினமும் வெளியே வந்து நின்றார்கள்.

உள்ளேயிருந்து இந்திராணியின் குரல் கேட்டது.

“அன்னைக்கு டீ குடிச்சாராங்க?”

“குடிச்சாரும்மா. ரெண்டு கிளாஸ். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடச் சொன்னாரு.”

“வீட்டுல நான் கம்மியாத்தான் போடுவேன்,” என்றாள் இந்திராணி. பதினேழு நாளாக அழாதவள், அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.